ரானடே எழுதாததை எழுதிய ரமாபாய்

தீபாவளிக்குத் துணி எடுக்கக் கோர்படியிலிருந்து லட்சுமி ரோட்டுக்குப் போகும் நம்மவர்கள், கடைகளுக்கு நடுவே சேவாசதன் என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். பெர்குஸன் கல்லூரி ரோட்டில் போகிறவர்களுக்கு ரானடே இன்ஸ்டிடியூட் தெரியும். ஒன்று மனைவி உண்டாக்கியது. மற்றது கணவர் நினைவாக எழுந்தது. 2012-ல் மராத்தித் தொலைக்காட்சியில் இந்தத் தம்பதியின் கதை தொடராக வந்தபோது, பக்கத்து வீட்டு மராத்திக்காரர்களோடு உட்கார்ந்து பார்த்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆனால் அந்தக் கதை எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது, அதை எழுதியவர் எதை எல்லாம் மறைக்காமல் எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது.

மேல்நாட்டில் பொருளாதார நிபுணர்களான கணவனும் மனைவியும் சேர்ந்து தங்கள் வாழ்க்கையை எழுதுவது உண்டு. அமெரிக்காவின் மில்டன் ஃபிரீட்மனும் ரோஸ் ஃபிரீட்மனும் 1998-ல் அப்படி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் என்று மாறி மாறி எழுதினார்கள். நம் நாட்டுப் பொருளாதாரச் சிந்தனைக்கு அடிக்கல் நாட்டியவர்களில் ஒருவரான மகாதேவ கோவிந்த ரானடே தம் கதையை எழுதவில்லை. அவர் காலமாகி ஒன்பது ஆண்டு கழித்து, 1910-ல், இருவர் கதையையும் ரமாபாய் ஒருவரே மராத்தியில் எழுதினார். எங்கள் வாழ்க்கையில் சில நினைவுகள் என்பது அந்தப் புத்தகத்தின் பெயரின் பொருள். முன்னுரை எழுதியவர் கோபால கிருஷ்ண கோகலே.

ரானடே 1842 ஜனவரி 18-ல் நாசிக் ஜில்லா நிபாட் என்ற ஊரில் பிறந்தார். மன்மாடிலிருந்து நாசிக் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நிபாட் பெயர்ப் பலகையைக் காணலாம். தகப்பனார் கோவிந்தராவ் கோல்ஹாபூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். பையன் அங்கே வளர்ந்து, மேல்படிப்புக்குப் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரிக்குப் போனான். பம்பாய் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவராக 1862-ல் ரானடே பி.ஏ. தேறினார். 1866-ல் சட்டமும் முடித்தார். ராப்பகலாகப் படித்ததில் கண் கெட்டது. கடைசிவரை அந்தக் கண்கள் அவரைப் படுத்தின. பிற்காலத்தில் பத்திரிகையையும் புத்தகத்தையும் பிறர் படிக்கக் கேட்பதே வழக்கமாகிவிட்டது.

1871-ல் பூனாவுக்கு சப் ஜட்ஜாக வந்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் பூனா சார்வஜனிக சபை ஏற்பட்டிருந்தது. அதன் முன்னணி ஊழியர் கணேச வாசுதேவ ஜோஷி. ஊரார் அவரைச் சார்வஜனிக் காகா என்று அழைத்தார்கள். நம் வழக்கில் ஊருக்கெல்லாம் சித்தப்பா என்று வைத்துக்கொள்ளலாம். கதர் என்ற பேச்சே நாட்டில் எழாத காலத்தில் கையால் நூற்ற துணி உடுத்தி 1877 டில்லி தர்பாருக்குப் போன மனிதர். சபையின் கையும் காலும் ஜோஷி என்றால் மூளை ரானடே. சர்க்கார் உத்தியோகஸ்தர் என்பதால் ரானடே வெளியே தலைகாட்ட மாட்டார். சபை அனுப்பிய மனுக்களிலும், 1878-ல் தொடங்கிய மூன்று மாதப் பத்திரிகையிலும் அவர் கை இருந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லும் அந்த 1876–78 பஞ்சம் சென்னை ராஜதானியை மட்டும் வாட்டவில்லை, தக்காணத்தையும் சூறையாடியது. அப்போது கிராமம் கிராமமாகச் செய்தி திரட்டிச் சர்க்காருக்கு அனுப்பியது இந்தச் சபை.

தலை குனிந்த நாள்

ரானடேயின் வாழ்க்கையில் அவருடைய நண்பர்களே மன்னிக்காத நாள் ஒன்று உண்டு. 1873 டிசம்பரில் நடந்த அவருடைய இரண்டாம் கல்யாணம்தான் அது.

விதவைகளுக்கு மறுமணம் செய்விக்க வேண்டும் என்று பம்பாயில் கூட்டம் கூட்டிப் பேசிய இளைஞர்களில் ரானடே முன்வரிசையில் நின்றவர். 1869-ல் நடந்த ஒரு விதவைத் திருமணத்தை ஆதரித்ததற்காகச் சாதிக் கட்டுப்பாட்டின் சூட்டையும் பட்டவர். அவர் வீட்டிலேயே இளம் வயதில் தாலியிழந்த சகோதரி இருந்தார். 1873 அக்டோபரில் ரானடேயின் முதல் மனைவி காலமானார். அவருக்கு அப்போது வயது முப்பத்தொன்று. இனி அவர் ஒரு விதவையைத்தான் மணப்பார், ஊருக்கு வழிகாட்டுவார் என்று நண்பர்கள் எதிர்பார்த்தார்கள். அதே காரணத்துக்காகத்தான் தகப்பனார் பயந்தார். மகன் சுதாரிப்பதற்குள் வேறு கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாகப் பெண் தேடினார்.

சாத்தாரா ஜில்லா தேவராஷ்டிரே கிராமத்துக் குர்லேகர் குடும்பத்தில் பெண் கிடைத்தது. பெயர் யமுனா. வயது பதினொன்று.

ரானடே கெஞ்சிப் பார்த்தார். தகப்பனார் அசையவில்லை. மகன் மறுத்தால் எல்லா உறவையும் அறுத்துக்கொண்டு கோல்ஹாபூருக்கே போய்விடுவேன் என்றார். வேறு வழி தெரியாமல் ரானடே பெண்ணின் தகப்பனாரிடமே பேசினார். தான் விதவா விவாகம் பேசுகிறவன், பார்க்கத் திடமாக இருந்தாலும் கண்ணும் காதும் சரியில்லாதவன், ஒருநாள் சீமைக்குப் போவான், போய்வந்து பிராயச்சித்தமும் செய்துகொள்ள மாட்டான், இப்படிப்பட்டவனுக்கா பெண் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். தன்னைத் தானே குறை சொல்லிச் சம்பந்தத்தைக் கலைக்கப் பார்த்த மாப்பிள்ளை! அதுவும் பலிக்கவில்லை. கோவிந்தராவ் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிப் பெண்வீட்டாரைத் தயார் செய்து வைத்திருந்தார்.

கல்யாணம் நடந்தது. மணமகன் வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊரில் ஏச்சுப் பேச்சு எழுந்தது. பேச்சில் வீரர், செய்கையில் கோழை என்று சீர்திருத்தக்காரர்களே சொன்னார்கள். பழமைக்காரர்கள் சிரித்தார்கள்.

அவர் செய்தது சரிதான் என்று வாதாட முடியாது. முப்பத்தொரு வயது நீதிபதி, ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்பவர், தகப்பனார் முன்னால் நிற்க முடியாமல் போனார். நம் ஊர்ப்பக்கத்து உதாரணம் ஒன்றைச் சொன்னால் இது இன்னும் உறைக்கும். ஹிந்து பத்திரிகையையும் சுதேசமித்திரனையும் நடத்திய ஜி. சுப்பிரமணிய ஐயர், பால்ய விதவையான தம் மகளுக்கு 1889-ல் காங்கிரஸ் கூடியபோது பம்பாயிலேயே மறுமணம் செய்து வைத்தார். சொந்த ஊரார் தள்ளி வைத்தும் அவர் கலங்கவில்லை. ரானடேயால் முடியாததை அந்தத் தஞ்சைக்காரரால் செய்ய முடிந்தது.

சிலேட்டும் குச்சியும்

யமுனா புகுந்த வீட்டில் ரமா ஆனாள். அவளுடைய தகப்பனார் ஊருக்குத் திரும்பிப் போன அன்று இரவு கணவர் அவளை மாடிக்கு அழைத்துப் பேசினார். தான் யார், தன் பெயர் என்ன என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டார். கேள்விப்பட்டதைச் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியுமா என்றார். தெரியாது. படித்த பெண் தாலி அறுப்பாள் என்று ஊரே நம்பிய காலம் அது. அன்றிரவே சிலேட்டும் குச்சியும் வந்தன. முதல் சில எழுத்துக்களை எழுதிக் காட்டினார். குச்சியைப் பிடித்தறியாத கை அவற்றை எழுதத் திண்டாடியது. அன்று தொடங்கிய பாடம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. மராத்தி முடிந்து இங்கிலீஷ் வந்தது.

ஒரு பெரிய தவறுக்குக் கணவர் செலுத்திய வட்டி இது என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் அந்த வட்டியை உடம்பால் சுமந்தவள் அந்தப் பெண். வீட்டில் மாமியார், நாத்தனார், உறவுக்காரப் பெண்கள் என்று பெரிய கூட்டம். பகலெல்லாம் அடுப்படி வேலை. மாடியில் பாடம் படித்துவிட்டு இறங்கி வந்தால் இடிச்சொல். புருஷன் கூப்பிட்டாலும் படிக்கப் போகாதே, நாலுமுறை மறுத்தால் அவனே விட்டுவிடுவான் என்று போதனை. இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க மிஸ் ஹர்போர்டு என்ற வெள்ளைக்கார ஆசிரியை வரத் தொடங்கியதும் தொல்லை கூடியது. மிலேச்சப் பெண்ணைத் தொட்டுவிட்டாள், குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் வரவேண்டும் என்றார்கள். அவள் குளித்தாள்.

ரானடே பெண்களோடு சண்டைக்குப் போகவில்லை. மனைவிக்குப் பரிந்தும் பேசவில்லை. பொறுத்துக்கொள், பதில் பேசாதே, ஆனால் படிப்பை விடாதே என்பதுதான் அவர் சொன்ன வழி. அவருக்குக் கோபம் வந்தால் திட்டவும் மாட்டார், பேசாமல் இருந்துவிடுவார். அடி வாங்கியிருந்தால்கூட ஆறியிருக்கும், அந்த மௌனம் ஆறாது என்ற நிலை அந்தப் பெண்ணுக்கு. ரமாபாய் இதையும் மறைக்காமல் எழுதினார். கணவரைத் தெய்வமாக நினைத்தவர் அவர். ஆனாலும் அந்த வீட்டில் யாரும் தனக்காக வாய் திறக்கவில்லை என்பது புத்தகத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாமல் போவதில்லை.

1878-ல் ரானடே நாசிக்குக்கு மாற்றப்பட்டார். பெரிய குடும்பத்தின் பிடியிலிருந்து ரமாபாய்க்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஆனால் கணவர் தலைக்கு மேல் வேறு கத்தி தொங்கியது. வாசுதேவ பல்வந்த பட்கே 1879-ல் தக்காணத்தில் கலகம் செய்தார். பூனாவில் புதவார் வாடா தீப்பிடித்தது. படித்த பூனாக்காரர்கள்தான் பின்னாலிருந்து தூண்டுகிறார்கள் என்று சர்க்கார் சந்தேகப்பட்டது. ரானடே மூலையிலிருந்த துலியாவுக்குத் தூக்கியடிக்கப்பட்டார். அவருக்கு வரும் தபால்கள் உடைத்துப் பார்க்கப்பட்டன. பட்கேயின் பெயரில் போலிக் கடிதங்களும் வந்தன. வலை விரிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு அவற்றை அப்படியே போலீஸ் அதிகாரியிடம் அனுப்பிவிட்டார். மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்பது அன்றைக்கும் உத்தியோகஸ்தர்களின் தலைவிதி. சந்தேகம் தீர்ந்ததும் சர்க்கார் அவருக்குப் பெரிய வேலைகளைக் கொடுக்கத் தொடங்கியது.

பத்திரம் எரிந்த ஊரும் பாடப்புத்தகமும்

1875 மே 12-ல் பூனா ஜில்லா சூபே கிராமத்தில் குடியானவர்கள் கூடிக் கடைகளைத் தாக்கினார்கள். அவர்கள் தேடியது கடன் பத்திரங்களை. கிடைத்ததை எல்லாம் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். கலகம் அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கும் அகமத்நகர் ஜில்லாவுக்கும் பரவியது. பஞ்சு விலை ஏறியபோது தாராளமாகக் கடன் கொடுத்தவர்கள் விலை விழுந்ததும் கழுத்தைப் பிடித்ததும், நிலவரி கூடியதும், கோர்ட்டு லேவாதேவிக்காரன் பக்கமே டிகிரி கொடுத்ததும் காரணம். அதன் பிறகு 1879-ல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. பூனா, சாத்தாரா, அகமத்நகர், சோலாப்பூர் ஆகிய நான்கு ஜில்லாக்களில் இந்தச் சட்டம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் வேலை ரானடேக்கு வந்தது. முதலில் உதவி அதிகாரியாகவும் 1887 முதல் 1893 வரை சிறப்பு நீதிபதியாகவும் ஊர் ஊராகச் சுற்றினார். ரமாபாயும் கூடப் போனார்.

இந்தச் சுற்றுப்பயணத்தில் பார்த்ததுதான் ரானடேயின் பொருளாதாரத்துக்கு ஆதாரம். 1892-ல் பூனா டெக்கான் காலேஜில் இந்தியப் பொருளாதாரம் என்ற பொருளில் பேசினார். இங்கிலாந்துப் பாடப்புத்தகம் சொல்வது என்ன? மனிதன் தன் லாபத்தைத் தானே அறிவான். எங்கே கூலி அதிகமோ அங்கே போவான். ஒப்பந்தம் போடுகிற இருவரும் சமமானவர்கள். ஆகவே சர்க்கார் தலையிடாமல் ஒதுங்கியிருந்தால் எல்லாம் தானே சரியாகும். இந்தியாவில் இது எதுவும் பொருந்தாது என்றார் ரானடே. இங்கே தனி மனிதனைவிடக் குடும்பமும் சாதியும் பலம் வாய்ந்தவை. ஒப்பந்தத்தைவிட வழக்கம் பெரிது. ஆளும் பணமும் இருந்த இடத்தை விட்டு எளிதில் நகராது. ஒரு நாட்டுக்குச் சரியான விதி இன்னொரு நாட்டுக்கும் சரி என்பது பிசகு. ஜெர்மானிய அறிஞர் ஃபிரெடரிக் லிஸ்ட் சொன்னதை அவர் துணைக்கு எடுத்துக்கொண்டார்.

குடும்பத்தின் பலம் தனி மனிதனை என்ன பாடுபடுத்தும் என்பதை இவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. 1873-லேயே அனுபவித்துவிட்டார்.

இந்தியா முழுவதும் ஒரே தொழிலான விவசாயத்தை நம்பி இருப்பதுதான் பஞ்சத்துக்கு மூலம் என்பது அவர் கணிப்பு. கச்சாப் பொருளை விளைவித்து, அந்நியக் கப்பலில் ஏற்றி, துணியாகத் திரும்பி வந்ததும் விலை கொடுத்து வாங்கும் தோட்டம் போல நாடு ஆகிவிட்டது என்றார். தாதாபாய் நவுரோஜியைப் போல் இந்தியாவின் செல்வம் வெளியேறுகிறது என்பதை மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் அவருக்கு ஆர்வம் இல்லை. அந்தக் கணக்கில் ஒரு பகுதி நாம் வாங்கிய கடனுக்கு வட்டி என்று 1890-ல் பூனாவில் கூடிய தொழில் மாநாட்டில் சொன்னார். அது சில தேசபக்தர்களுக்குப் பிடிக்கவில்லை. சர்க்கார் தொழிலுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்க வேண்டும், விவசாயக் கடனுக்குத் தனி பாங்கி வேண்டும், ஆலைகள் சொந்தக் காலில் நிற்கும்வரை கைகொடுக்க வேண்டும் என்பவை அவர் கேட்டவை. வெறும் பேச்சோடு நிற்கவில்லை. பூனாவில் நெசவாலை, சாய ஆலை, பாங்கி என்று எழுந்த பல முயற்சிகளுக்கு அவர் ஊக்கம் உண்டு. நம் கோர்படிக்குப் பக்கத்து முண்ட்வாவில் ஏற்பட்ட ரே காகித ஆலையும் அவற்றில் ஒன்று. இந்தப் பேச்சும் கட்டுரைகளும் சேர்ந்து இந்தியப் பொருளாதாரக் கட்டுரைகள் என்ற இங்கிலீஷ் புத்தகமாக வெளிவந்தன. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1903-ல் பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதார விளைவுகள் பற்றி எழுதிய புத்தகம் இந்த வழியில் வந்ததுதான்.

1886-ல் சர்க்காரின் நிதிக் கமிட்டியில் ரானடேயும் ஓர் அங்கத்தினர். அந்த வேலையாகக் கல்கத்தாவில் தங்கியபோது நடந்த ஒரு விஷயம் ரமாபாய் புத்தகத்தில் உள்ளது. வேற்று மாநிலத்தில் பிழைக்கும் நமக்கு இது வேடிக்கையாகவும் இருக்கும், உறைக்கவும் செய்யும். தெருவில் வங்காளிப் பத்திரிகை விற்றார்கள். படிக்கத் தெரியவில்லை. போன இடத்து மொழி தெரியாமல் இருப்பதா என்று வங்காளிப் புத்தகங்கள் வாங்கி வந்தார். முகம் மழிக்க வரும் நாவிதரிடமே தெரியாத சொற்களைக் கேட்டுக் கற்றார். நல்ல வாத்தியார் கிடைத்தார் என்று ரமாபாய் கேலி செய்தார். இருபத்து நான்கு குருமார்களிடம் கற்ற தத்தாத்ரேயரை ரானடே பதிலுக்கு இழுத்தார். கேலி செய்த மனைவியும் அந்த வங்காளியைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

தேநீரும் பிராயச்சித்தமும்

இதற்குள் ரமாபாய் மாடியறைப் பாடத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டார். 1882-ல் பண்டித ரமாபாய் பூனாவுக்கு வந்து ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். சமஸ்கிருதத்தில் பெரும் புலமை பெற்ற அந்த இளம் விதவைக்கு ரானடே வீடு கைகொடுத்தது. பெயர் ஒன்றானதால் இருவரையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. இவர் வேறு, அவர் வேறு. பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி கேட்டு நடந்த பொதுக்கூட்டத்தில் கவர்னர் முன்னிலையில் ரமாபாய் ரானடே இங்கிலீஷில் வாசித்தார். அன்று வீடு திரும்பியதும் கிடைத்த வரவேற்பைச் சொல்ல வேண்டியதில்லை. ஆம்பிளைகள் கூடிய சபையில் இங்கிலீஷ் வாசித்தவள் என்ற சுடுசொல் பல நாள் ஓயவில்லை. 1884 செப்டம்பரில் அந்தப் பள்ளி திறக்கப்பட்டது. பேஷ்வாக்களின் குதிரை லாயம் இருந்த இடமானதால் அதற்கு ஹுசூர்பாகா என்றே பெயர் நிலைத்துவிட்டது. லட்சுமி ரோட்டில் இன்றும் நடக்கிறது.

1890 அக்டோபரில் பூனா பஞ்ச் ஹவுத் மிஷனில் ஒரு சொற்பொழிவு நடந்தது. ரானடே, திலகர், கோகலே உள்பட நாற்பதுக்கும் மேற்பட்ட பெரிய மனிதர்கள் போயிருந்தார்கள். பேச்சு முடிந்ததும் தேநீர் வந்தது. சிலர் குடித்தார்கள். சிலர் மரியாதைக்கு வாங்கி வைத்துவிட்டார்கள். அத்தனை பேர் பெயரையும் ஒருவர் பத்திரிகையில் போட்டுவிட்டார். கிறிஸ்தவர் கையால் தேநீர் வாங்கியதற்காகச் சாதி விலக்கு, சங்கராச்சாரியார் வரை புகார், விசாரணைக் கமிஷன் என்று ஊர் இரண்டுபட்டது. திதி கொடுக்கப் புரோகிதர் வரமாட்டார். பிறந்த வீட்டுக்குப் பெண் வர முடியாது. பாதிக்கப்பட்ட நண்பர்கள் 1892-ல் ரானடேயிடம் வந்து, தாங்கள் பிராயச்சித்தம் செய்துகொண்டு குடும்பத்தோடு சேர விரும்புவதாகவும், அவரும் கூடச் செய்தால்தான் அது நடக்கும் என்றும் வேண்டினார்கள். ரானடே சம்மதித்துவிட்டார்.

ரமாபாய்க்கு இது பிடிக்கவில்லை. தவறே செய்யாதபோது பிராயச்சித்தம் எதற்கு என்று அவருக்கு வருத்தம். நண்பர்களின் கஷ்டத்தைத் தீர்க்கத் தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்பது ரானடேயின் சமாதானம். மறுபடியும் ஏச்சு. வழுக்கும் இடத்தில் எல்லாம் வழுக்குகிறார் என்றார்கள். முதல் தடவை அவர் வளைந்தபோது அருகிலிருந்த பதினோரு வயதுப் பெண்ணுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. இந்தத் தடவை முப்பது வயது மனைவிக்குப் புரிந்தது. புரிந்ததை எழுதியும் வைத்தார். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றியே எழுதுவதற்கு அந்தப் படிப்பு பயன்பட்டது.

சீர்திருத்தத்துக்காக அகில இந்திய அளவில் சமூக மாநாடு 1887 டிசம்பரில் சென்னையில்தான் பிறந்தது. காங்கிரஸ் கூடிய அதே சமயம். ரானடேயோடு தோள் கொடுத்தவர் கும்பகோணத்துத் திவான்பகதூர் ரகுநாத ராவ். தஞ்சாவூரில் வேரூன்றிய மராத்திக் குடும்பத்தவர். வருஷா வருஷம் காங்கிரஸ் பந்தலிலேயே இந்த மாநாடும் நடக்கும். 1895-ல் பூனாவில் காங்கிரஸ் கூடியபோது, சமூக மாநாட்டுக்குப் பந்தலைக் கொடுக்கக்கூடாது என்று திலகர் கட்சியார் பிடிவாதம் பிடித்தார்கள். ரானடே வேறு இடத்தில் நடத்திக்கொண்டார். அவர் வளர்த்த சார்வஜனிக சபையும் அதே ஆண்டில் கைமாறியது.

1893-ல் பம்பாய் ஹைகோர்ட் நீதிபதியானார். 1900 டிசம்பரில் லாகூருக்குப் புறப்பட இருந்தவரை டாக்டர்கள் தடுத்தார்கள். நெஞ்சுவலி. 1901 ஜனவரி 16 இரவு பம்பாயில் காலமானார். ஐம்பத்தொன்பது வயது நிறைய இரண்டு நாள் இருந்தது.

அதன் பிறகு

ரமாபாய் பூனாவுக்குத் திரும்பினார். முப்பத்தெட்டு வயது விதவை. ஓராண்டு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பிறகு வந்தார். எரவாடா சிறையில் பெண் கைதிகளைப் போய்ப் பார்க்கத் தொடங்கினார். அவர்களிடம் உட்கார்ந்து பேசினார், படித்துக் காட்டினார். 1909-ல் பூனா சேவாசதன் அவருடைய சொந்த வீட்டிலேயே ஆரம்பமாயிற்று. இளம் விதவைகளும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் வந்தார்கள். முதலில் எழுத்து, பிறகு தையல், ஆசிரியைப் பயிற்சி, சசூன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி. நர்ஸ் வேலை என்றால் நல்ல குடும்பத்துப் பெண் முகம் சுளித்த காலத்தில், விதவைப் பெண்களுக்கு மாதச் சம்பளம் வரும் வழியை அவர் காட்டினார். தொழில் பெருகினால்தான் நாடு பிழைக்கும் என்று கணவர் ஊரெல்லாம் பேசினார். ஒரு பெண் பிழைக்க அவளுக்கு ஒரு தொழில் வேண்டும் என்பதை மனைவி நடத்திக் காட்டினார். பொருளாதாரம் என்ற பெரிய பெயரை அவர் அதற்குச் சூட்டவில்லை.

பெண் குழந்தைகளுக்கும் கட்டாயக் கல்வி வேண்டும் என்ற கிளர்ச்சியிலும், பம்பாய் மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட இயக்கத்திலும் ரமாபாய் முன்னின்றார். 1924 ஏப்ரலில் பூனாவில் காலமானார். 1962-ல் அவர் படத்துடன் தபால்தலை வெளியாயிற்று.

அவர் எழுதிய புத்தகம் பிற்பாடு இரண்டு தடவை இங்கிலீஷில் மொழிபெயர்க்கப்பட்டது. 1938-ல் மொழிபெயர்த்த அமெரிக்க அம்மையார் அதற்கு வைத்த தலைப்பு அவர் என்பதுதான். ஏன் அந்தத் தலைப்பு என்பதை நம் வீட்டுப் பாட்டிமாருக்கு விளக்க வேண்டியதில்லை. இருபத்தேழு ஆண்டு கூட வாழ்ந்து, வீட்டுக்குள் நடந்த நல்லது கெட்டது அத்தனையும் எழுதிய ரமாபாய், கணவர் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்ற வழக்கத்தை மட்டும் விடவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் மாடியில் அவர் பெயரைக் கேட்டபோது சொன்ன பெண், புத்தகத்தில் அவரை அவர் என்றே குறிப்பிட்டுக்கொண்டு போனாள்.